விலங்குமல்ல, செடியுமல்ல

1

இந்தக் கதை ஓர் அறிக்கையிலிருந்து வெட்டி எறியப்பட்டது. எங்கள் வட்டாரத்தில் உயிர்த் தொழில்நுட்ப நிறுவனங்கள் நாற்பத்தொன்று உண்டு. அவற்றின் சங்கம், அரசிடம் கொடுப்பதற்காக, இந்தத் தொழிலின் பொருளாதார முக்கியத்துவம் பற்றியும் அதற்கு வேண்டிய கொள்கைகள் பற்றியும் ஓர் அறிக்கை எழுதச் சொன்னது. எழுதினேன். பதினேழாம் பக்கத்தில் என் அக்கா வந்துவிட்டாள். சங்கச் செயலாளர் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, “தம்பி, இது கதை. எனக்குப் புள்ளிவிவரம் குடுங்க” என்றார்.

அவரே கதை என்று சொல்லிவிட்டார். எனக்கென்ன வந்தது, கதையாகவே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘உயிர்த் தொழில்நுட்பம் இன்றைய பொருளாதாரத்தின் முதுகெலும்பாக’ – (வேண்டாம். அறிக்கை எழுதிய கை இன்னும் அடங்கவில்லை.)

இரண்டாவது: ‘அவள் கண்களில் ஒரு கனவு’ – (அக்கா படித்தால் தோலை உரித்துவிடுவாள்.)

மூன்றாவது: சரக்கு அலுவலகத்து மேஜையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது.

சரி, இது நிற்கும்.

பெட்டிக்குள் உலர்பனி, அதாவது ‘டிரை ஐஸ்’. அதற்குள் விரல் நீளக் குப்பிகள் ஆறு. குப்பிகளில் ஒரு பாக்டீரியா. அக்காவின் நிறுவனம் செய்யும் பரிசோதனைப் பட்டையில் ஒரு சொட்டுப் பால் விட்டால், மாட்டுக்கு மடிநோய் வரப்போகிறதா என்று இரண்டு நாள் முன்பே தெரியும். அதற்கான நொதியைச் சுரப்பது இந்தப் பாக்டீரியாதான். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று ஒன்பது மாதம் பாடுபட்டு அதன் சுரப்பை இரட்டிப்பாக்கித் திருப்பி அனுப்பியிருந்தது.

படிவத்தைப் பார்த்து சுங்க அதிகாரி கேட்டார்: “இது உயிருள்ளதா மேடம்?”

“உயிருள்ளதுதான் சார்.”

“விலங்கா, செடியா?”

“ரெண்டும் இல்ல.”

“சாப்பிடுற பொருளா?”

“ஐயோ, இல்ல சார்.”

“அப்போ ரசாயனம்னு போட்டுரட்டுமா?”

அக்கா ஒரு கணம் தடுமாறினாள். தலையாட்டினால் பெட்டி கைக்கு வந்துவிடும். “போட்டா பொய்யாயிடும் சார்.”

“நானும் பொய் எழுத மாட்டேன். ஆக ரெண்டு பேரும் யோக்கியம். பெட்டி இங்கயே கிடக்கும்.”

‘மற்றவை’ என்று எழுதத் தலைமையகத்தின் கடிதம் வேண்டும். உலர்பனி தாங்குவது ஐந்து நாள். நான்காம் நாள் அக்கா ஒரு மூட்டை உலர்பனியோடு போய் நின்றாள். முத்திரையை உடைக்க அவருக்கு அதிகாரமில்லை. அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, “இன்னும் சில்லுனுதான் இருக்கு மேடம்” என்றார், ஆறுதலாக. சில்லென்று இருந்தால் போதாது, உறைந்தே இருக்க வேண்டும் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது: ‘உரிய படிவத்தில் மீண்டும் விண்ணப்பிக்கவும்.’

3

(இங்கே ஒரு சந்தேகம். முதல் வரைவில் அந்த அதிகாரியை வில்லனாக்கினேன், கொட்டாவி விடவைத்தேன். உண்மையில் அவர் சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்து போகாமல் தலைமையகத்துக்கு மூன்று முறை போன் போட்டவர். கொட்டாவியை அடித்துவிட்டேன். வில்லன் இல்லாத கதை நொண்டும்தான். அதற்காகப் படிவத்துக்கு மீசை வைக்க முடியுமா?)

4

அரசின் கொள்கைக் குழுவின் முன் பேச அக்காவுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. தலைவர் காகிதத்தைப் புரட்டினார்.

“ஏம்மா, உங்ககிட்ட வேலை பாக்கறது பதினாலு பேருதானே?”

“பதினாலு பேருதான் சார். ஆனா எங்க பட்டைய இருபதாயிரம் மாட்டுக்குப் பயன்படுத்துறாங்க. ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தா, அந்த வீட்டுல பத்து நாள் பால் வீண். அதையும் பதினாலோட சேத்து எண்ணுங்க.”

அறையில் யாரோ பேனாவை எடுத்தார்கள்.

“இப்போ உங்களுக்கு என்ன வேணும்? மானியமா?”

“மானியம் வேண்டாம் சார். படிவத்துல நுண்ணுயிர்னு ஒரு வரி, சரக்குக் கிடங்குல ஒரு குளிர் அறை, சந்தேகம் வந்தா கேக்கறதுக்கு இந்தப் படிப்பு படிச்ச ஒருத்தர். அந்த ஆய்வகத்துல வேற குப்பி இருக்கு, மறுபடி அனுப்புவாங்க. ஆனா அதுவும் அதே மேஜைலதானே வந்து உக்காரும்?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “செஞ்சு குடுத்தா இங்கயே இருப்பீங்களா? பக்கத்து வட்டாரம் உங்களைக் கூப்பிடுதுன்னு கேள்விப்பட்டேன்.”

அக்கா பதில் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்த நான் கடிகாரம் பார்த்தேன்: பதினொரு விநாடி.

(அச்சான அறிக்கையில் அந்தப் பதினொரு விநாடி, ‘தொழில்முனைவோர் இவ்வட்டாரத்திலேயே தொடர உறுதியளித்தனர்’ என்று வந்திருக்கிறது. எழுதியவன் நான்தான். செயலாளர் சொன்னார் என்பது சாக்கு.)

5

குழு தொண்ணூறு நாளில் முடிவு சொல்லும். பக்கத்து வட்டாரத்துக்கு முப்பது நாளில் பதில் வேண்டும். அங்கே கட்டடமும் குளிர் அறையும் தயார்.

முதல் முடிவு: அரசு முந்திக்கொள்கிறது, அக்கா தங்கிவிடுகிறாள். (எழுதும்போதே நம்பிக்கையில்லை.)

இரண்டாவது: லாரி வருகிறது, இயந்திரங்கள் ஏறுகின்றன, ஏறக்கூடியவர்கள் ஏழு பேர் மட்டும்

அந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் பெண் ஏறமாட்டாள். அவள் கணவருக்கு வேலை இங்கே. இருபத்தெட்டாம் நாள் காலை, ஈரக் கையோடு அவள் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றாளாம்.

“மேடம், போறீங்களா இருக்கீங்களா, அதை மட்டும் சொல்லிருங்க. வேற இடத்துல வேலை காலியிருக்கு. நாளைக்குள்ள நான் பதில் சொல்லணும்.”

அக்கா கதவைச் சாத்திவிட்டு அவளிடம் உண்மையைச் சொன்னாள். என்னிடமும் சொல்லியிருக்கிறாள். எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதாதடா. போறேன்னு எழுதினா, போறவளுக்கு எதுக்குப் படிவத்துல வரின்னு குழுவுல விட்டுருவாங்க. இருக்கேன்னு எழுதினா, இருக்கறவதானே, மெதுவா பாக்கலாம்பாங்க. படிக்கிறவங்களே அந்தக் குழு நாற்காலில உக்காந்து யோசிக்கட்டும்.”