விட்டுப்போன பெயர்

அக்காவின் அடக்கத்துக்கு இரண்டு நாள் துணியோடு வந்த தையல்காரி, ஒரே வாரத்தில் ஏழு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டாள். அத்தான் கப்பல் வேலைக்குத் திரும்பும்போது, "இனிமே இதுங்களுக்கு எல்லாம் நீதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் என்னமோ வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டார்!

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் ஏழும் கண்ணை மூடிக் கை கூப்பின. இன்று அவள்தான் ஜெபிக்க வேண்டும். இத்தனை நாள் போதகர் வந்து ஜெபித்தார். அக்கா இருந்தவரை ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மூத்ததிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் ஜெபிப்பாளாம். ஒன்று விட்டுப்போனால்? சட்டை அளவு தப்பினால் பிரித்துத் தைக்கலாம். இதை எங்கே பிரிப்பது?

மேசைக்கடியில் விரல் மடக்கிக்கொண்டே பெயர்களைச் சொன்னாள். இரட்டைப் பிள்ளைகளில் எது முந்திப் பிறந்தது என்று தடுமாறி, ஒருவழியாக ஏழாவது விரலுக்கு வந்தாள்.

"இவங்களைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே."

அப்பாடா என்று கண்ணைத் திறந்தாள். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு கண்ணும் திறக்கவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. பாவி, எந்தப் பிள்ளையை விட்டேன்? மறுபடியும் விரல் மடக்கினாள்.

கடைக்குட்டி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"சித்தி, இன்னும் முடியல. அம்மா கடைசியா 'என்னையும்'னு சொல்லுவாங்க."

தையல்காரி மறுபடியும் கண்ணை மூடினாள்.

"என்னையும்" என்றாள்.

"ஆமென்!" என்று வீடு அதிரக் கத்திவிட்டு, ஏழும் தட்டை அவள் பக்கம் நீட்டின.