முழுதாக ஒடித்தால் வரும் சத்தம்

என் தையல் கடையில் என்னை எதிர்த்து யாரும் பேசிவிட முடியாது. கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்லி ஒரு அம்மா கேட்டால், தோள் நழுவும், முடியாது என்று சொல்லிவிட்டு என் இஷ்டப்படிதான் வெட்டுவேன். அவரும் போட்டுப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் வாங்கிப் போவார். ஆனால் கார் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் போதும், நான் வாயில்லாப் பூச்சி. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து, சரியா, சரியா என்று கேட்டுக்கொண்டேதான் ஓட்டுவேன்.

டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை தோற்றதும் இதனால்தான். முதல் முறை ஆபீசர் முகத்தையே பார்த்துக்கொண்டு போய்க் கம்பத்தில் இடித்தேன். இரண்டாவது முறை எதையும் இடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அவரிடம் அனுமதி கேட்டேன். "வண்டி ஓட்டறது நீங்கம்மா, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லித் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மூன்றாவது டெஸ்ட் ஒரு வியாழக்கிழமைக்கு வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை ஊரின் மறுகோடியில் இருக்கும் மருத்துவமனையில் எனக்கு வேலை ஆரம்பம். நர்ஸ்கள் எல்லோருக்கும் சீருடை. வாரம் இரண்டு நாள் அங்கே போய் அளவெடுக்க வேண்டும், துணிக்கட்டுகளை ஏற்றி இறக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, அவரை நம்பி இறங்க முடியாது. லைசென்ஸ் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை. இருபது வருஷமாகத் தைக்கிறேன், இவ்வளவு பெரிய வேலை இதுவரை என்னைத் தேடி வந்ததில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஹாரன் அடித்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டு வயதான எங்கள் கார் பளபளவென்று நான்கு அலாய் வீலோடு நின்றது. அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் பெரிய வண்டியிலிருந்து டயரோடு கழற்றியவையாம். பழைய வீல்களை மாற்றாகக் கொடுத்துவிட்டார், நண்பர் அவற்றை அன்றைக்கே யாருக்கோ விற்றும்விட்டார். லைசென்ஸ் வாங்கப் போகிறவள் நல்ல வண்டியில் போக வேண்டாமா என்றார் என் வீட்டுக்காரர். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் காலையில் பயிற்சிக்குப் போனோம். தெருக்கோடியில் வண்டியைத் திருப்ப ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தேன். கர்ர் என்று ஒரு சத்தம். இவர் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப முறுக்குகிறேனாம், மெதுவாகச் செய்ய வேண்டுமாம். மெதுவாகச் செய்தேன். கர்ர். இன்னும் மெதுவாகச் செய்தேன். நிதானமாகக் கர்ர் என்றது.

டெஸ்டில் கடைசிப் பாடமே குறுகிய சாலையில் முழுதாக ஒடித்துத் திரும்புவதுதான். அன்று பகல் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் வண்டிக்கும் ராசியில்லை, மருத்துவமனைக்குப் போன் பண்ணி வேலை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சல்.

திங்கட்கிழமை காலை ஒரு பெண்ணுக்கு ஜாக்கெட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக நின்றபோது கச்சிதமாக இருந்தது. கையைத் தூக்கச் சொன்னேன், அக்குளில் பிடித்தது. தைத்தது கொஞ்சம் இறுக்கம், பிரித்துவிடுகிறேன் என்று சொன்ன என் வாய் அப்படியே நின்றது. கையைத் தூக்கிய அவளை நான் குறை சொல்லவில்லை. பிறகு ஸ்டீயரிங்கை ஒடித்த என்னை மட்டும் ஏன் குறை சொல்லிக்கொள்கிறேன்?

அவளை அனுப்பிவிட்டு, துணியில் குறி போடும் வெள்ளைச் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். முன் சக்கரத்துக்கு மேலே வளைவுக்குள் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. அதில் கை எட்டும் இடமெல்லாம் சாக்கைத் தேய்த்தேன். வண்டியை எடுத்து, முழுதாக ஒடித்து ஒரு முழம் நகர்த்தினேன். கர்ர். இறங்கிப் பார்த்தால் டயரின் தோளில் தெளிவாக ஒரு வெள்ளைக் கோடு. டயர் உள்ளே போய் உரசியிருக்கிறது. என் கையில் ஒரு குற்றமும் இல்லை. வாசலிலேயே நின்று சிரித்தேன். எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார், பார்க்கட்டும்.

ஷிப்ட் முடிந்து வந்தவரைக் கையோடு டயர் கடைக்கு ஓட்டச் சொன்னேன். வழியெல்லாம் இவர் பதினேழு அங்குல வீல் என்றால் பதினேழுதான், ரிம் வண்டியில் சரியாக உட்கார்ந்துவிட்டதே என்று வாதாடிக்கொண்டே வந்தார். இடுப்பு சரியாக இருந்தால் உயரமும் சரியாகிவிடுமா என்று கேட்டேன்.

டயர் கடைக்காரர் கையெல்லாம் கரியோடு வந்து குனிந்தார். டயர் பக்கவாட்டில் இருந்த 225/50 R17 என்ற எழுத்தைத் துடைத்துக் காட்டினார். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. மூன்றாவதுதான் இவருடைய பதினேழு, உள்ளே இருக்கும் ரிம்மின் அளவு, அங்குலத்தில். கதவோரம் ஒட்டியிருந்த தாளில் இந்த வண்டிக்கு 195/65 R15 என்று இருந்தது.

நான் பையிலிருந்து பென்சிலை எடுத்து அவருடைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மேல் சுவர், கீழ்ச் சுவர், நடுவில் ரிம். பழைய சக்கரம் அறுநூற்று முப்பத்து நான்கரை மில்லிமீட்டர் உயரம். புதியது அறுநூற்று ஐம்பத்தேழு. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அதிகம், அகலத்திலும் மூன்று சென்டிமீட்டர். ஜாக்கெட்டில் அவ்வளவு பிசகினால் என் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ரிம் பெரிதானால் சுவர் குட்டையாக வேண்டும், மொத்த உயரம் மாறக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி. 225/45 போட்டால் உயரம் பொருந்துகிறது, ஆனால் அகலம் குறையவில்லை, உள்ளே உரசும் என்றார் கடைக்காரர். 205/50 போட்டால் அறுநூற்று முப்பத்தேழு. பழையதைவிட இரண்டரை மில்லிமீட்டர்தான் அதிகம், அகலமும் அடக்கம், அந்த ரிம்முக்கும் பொருந்தும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணும் பழைய டயருக்குக் குறைவில்லாமல் பார்த்து எடுத்து மாட்டித் தந்தார்.

"முடிஞ்சுதுக்கா, எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் விடவில்லை. நேராக நிற்கவைத்துப் பார்த்துவிட்டு உடுப்பைக் கொடுத்து அனுப்புகிறவள் இல்லை நான். வளைவுகளில் மறுபடி சாக் தேய்த்தேன். இவரையும், கடைக்காரரையும், காற்றடிக்க வந்திருந்த கனத்த மனிதர்கள் இருவரையும் காருக்குள் அடைத்தேன். இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, அவர் கடை வாசல் மேட்டிலேயே ஏற்றி இறக்கி ஓட்டினேன். பின்சீட்டுக்காரர்கள் தங்களை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்கவில்லை, நல்ல மனிதர்கள். ஒரு டயரிலும் வெள்ளை இல்லை, ஒரு சத்தமும் இல்லை.

வியாழக்கிழமை காலை இவரே ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. டெஸ்ட் இடத்தில் அதே ஆபீசர். ரிவர்ஸில் நிறுத்தினேன், சரியாக நின்றது. மேட்டில் எடுத்தேன், பின்னால் உருளவில்லை. சரியா என்று கேட்க ஏழெட்டு முறை வாயெடுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியாகக் குறுகிய சாலை. முழுதாக ஒடித்தேன்.

கர்ர்.

ஆபீசர் பேனாவை எடுத்தார். ஆனால் இந்தமுறை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பிரேக்கை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"சத்தம் என்னால வரல சார், வண்டியில எதுவோ உரசுது. இறங்கிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்" என்றேன். என்ன சொல்கிறேன் என்று யோசிப்பதற்குள் இறங்கியும்விட்டேன்.

முன் சக்கரத்துக்குப் பின்னால், நேற்றுவரை இல்லாத ஒரு மட் ஃபிளாப் தொங்கியது. சேறு தெறிக்காமல் இருக்க மாட்டும் அந்த ரப்பர் பட்டைதான், வெள்ளி ஓரம் போட்டு, வீலுக்குப் பொருத்தமாக. நான் குளிக்கப் போன நேரத்தில் மாட்டியிருக்கிறார் புண்ணியவான். அதனால்தான் அந்தச் சிரிப்பு. நேர்ச் சாலையில் வந்ததால் வரும்போது உரசவில்லை. தையல் மிஷின் ஸ்குரூ டிரைவர் எப்போதும் என் பையில் இருக்கும். இரண்டு திருகு, இரண்டு நிமிஷம். மறுபக்கத்திலும் கழற்றினேன். இரண்டையும் பின்சீட்டில் போட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, முழுதாக ஒடித்துத் திரும்பினேன். வண்டி வாயே திறக்கவில்லை.

ஆபீசர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துத் தாளை நீட்டினார்.

"சத்தம் கேட்டா எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க. நீங்க வண்டியப் பாத்தீங்க. போங்கம்மா, பாஸ்."

என் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

வாசலில் காத்திருந்த இவர் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் பின்சீட்டைப் பார்த்துவிட்டார். முகம் சுருங்கியது, பிறகு தாளைப் பார்த்ததும் மலர்ந்தது, இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் திண்டாடினார். பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். நான் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தேன். சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறி, மட் ஃபிளாப் இரண்டையும் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

தெருமுனையில் திரும்பும்போது, ரொம்ப நேரமாக அடக்கிவைத்திருந்ததை மெல்லக் கேட்டார்.

"நான் இப்ப ஏதாவது சொல்லணுமா?"

"வேண்டாம். பெல்ட் மட்டும் போடுங்க" என்றேன், சாலையைப் பார்த்துக்கொண்டே.