பூஞ்சை அறையில் புகுந்த வீட்டார்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் சோயா பயிரைக் காப்பாற்ற ஒரு கட்டடம், கெடுக்க ஒரு கட்டடம். காப்பாற்றும் கட்டடத்தில் புது ரகங்களை உருவாக்குபவர் என் நாத்தனார், கணவருடைய அக்கா. கெடுக்கும் கட்டடத்தில் பூஞ்சை வளர்ப்பவள் நான். இந்த வேலைப் பங்கீடு யாருடைய குசும்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் பூஞ்சை தவளைக்கண் நோயைத் தருவது. இலையில் வட்டவட்டமாகப் புள்ளி விழும். நடுவில் சாம்பல், ஓரத்தில் செம்பழுப்பு. தவளை முழிப்பதைப் போலவே இருக்கும். பல வயல்களிலிருந்து பிடித்துவந்த பன்னிரண்டு பூஞ்சைகளைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தேன். அவற்றின் அலுவலக எண்கள் என் மண்டையில் ஏறவில்லை. அதனால் பழைய ரகத்து இலைமேல் விட்டு, ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து, புகுந்த வீட்டு உறவுமுறைகளைப் பெயராக வைத்தேன். தட்டு முழுக்கச் சோம்பலாகப் படுத்துக்கிடந்து, கெஞ்சினால் மட்டும் கொஞ்சம் வேலை செய்வது கணவர். வெள்ளை வெளேரென்று இருந்துகொண்டே இலையை உதிர்ப்பது ஓரகத்தி. தொட்ட இலையையெல்லாம் கருக்கிய ஓர் எமகாதகப் பூஞ்சைக்கு நான் யோசிக்கவே இல்லை. கை தானாக நாத்தனார் என்று எழுதியது. என்னை யாருக்கு அறிமுகம் செய்தாலும் 'தம்பி கட்டிக்கிட்டு வந்தவ' என்று மட்டும் சொல்பவருக்கு நான் வேறு என்ன மரியாதை செய்வது? கடைசியில் ஒரு சாது மிஞ்சியது. நாலு புள்ளி போட்டுவிட்டு அடங்கிவிடும். பாவம் என்று அதற்கு மருமகள் என்று வைத்தேன்.

இந்தப் பெயர்களை அவர் பார்த்துவிடுவார் என்ற பயம் எனக்கில்லை. துணியில் பூஞ்சை ஒட்டிக்கொண்டு தன் செடிகளுக்கு வந்துவிடும் என்று அவர் எங்கள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்.

அவருடைய புது ரகம் எட்டு வருட உழைப்பு. விதைக் குழு ஏற்றுக்கொண்டால் அடுத்த பருவமே உழவர் கைக்குப் போகும். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. அதற்கு முன் அது என் பூஞ்சைகளிடம் தேற வேண்டும். எங்கள் கட்டடத்துப் பசுமைக்குடிலில் தொட்டிகளை வரிசையாக வைத்து, வரிசைக்கு ஒரு பூஞ்சையாகத் தெளித்து, ஈரம் போகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி வளர்த்தேன். மாமனார் தோற்றார். ஓரகத்தி மண்ணைக் கவ்வினாள். நாத்தனார் ஒரு புள்ளிகூடப் போட முடியாமல் வாலைச் சுருட்டிக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்காக எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கடைசி வரிசைக்கு வந்தேன். இலை முழுக்கத் தவளைகள் என்னைப் பார்த்து முழித்தன. எல்லாம் மருமகளின் கைவரிசை.

பூஞ்சைகளின் மரபணுவைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. மற்ற பதினொன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். மருமகள் மட்டும் எங்கிருந்தோ வந்த வேறு வம்சம். நோய் நுழையாமலிருக்க நாத்தனார் தன் ரகத்தில் போட்டிருந்த பூட்டு அந்தக் குடும்பத்துச் சாவிக்குத்தான் திறக்காது. இவளிடம் இருந்ததோ வேறு சாவி. பழைய ரகத்தில் சாது, புது ரகத்தில் ராட்சசி. இந்த ரகம் வயலுக்குப் போனால் மற்றவை ஒழிந்துபோகும், காலியான வீட்டில் இவள் கால்நீட்டிக் குடித்தனம் நடத்துவாள்.

கணவரிடம் சொன்னேன். குழு கேட்பது கொடிய பூஞ்சைகளைத்தானே, சாதுவை ஏன் கணக்கில் சேர்க்கிறாய், வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டாமா என்றார். எனக்கும் விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் அந்த இலைகள் உதிரும்போது நாத்தனார் பெயரல்லவா நாறும்? மறுநாள் காலையிலேயே அவரைப் பசுமைக்குடிலுக்கு வரச்சொன்னேன். இருந்த பதற்றத்தில், தொட்டிகளில் குத்தியிருந்த பெயரட்டைகளைப் பிடுங்க மறந்துபோனேன்.

மேலங்கியைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வோர் அட்டையாகப் படித்தார். நாத்தனார் என்ற அட்டை முன்னால் வெகுநேரம் நின்றார். இருப்பதிலேயே மோசமானது இதுதானா என்று கேட்டார். பழைய ரகத்தில் ஆமாம் என்றேன். அவர் முகத்தில் லேசாக ஒரு திருப்தி தெரிந்தது. என் கண் தப்புப் பண்ணியிருக்காது. பிறகு கடைசி வரிசைக்கு வந்தார். அட்டையையும் இலையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கவிழ்த்துவைத்த தொட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீ வேணும்னு எதுவும் பண்ணலையே?"

"நீங்களே தெளிச்சுப் பாருங்கக்கா."

தெளித்தார். எட்டிப்பார்க்காத கட்டடத்துக்குத் தினமும் வந்து தாளைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு வாரத்தில் அதே தவளைகள். அவர் அழுதார். எட்டு வருடம் போனதே என்று எனக்கும் அழுகை வந்தது.

விதைக் குழுக் கூட்டத்தில் அவரே எழுந்து தன் ரகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தலைவருக்கு நம்ப முடியவில்லை. இத்தனை கொடிய பூஞ்சைகளைத் தாங்கிய ரகத்தை எதுதான் சாய்த்தது என்று கேட்டார். பின்வரிசையில் இருந்த நான், அலுவலக எண்ணைச் சொல்லிவிட வேண்டுமே என்று எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

"எங்க வீட்டு மருமக," என்றார் நாத்தனார். "சாதுன்னு நெனச்சு அசட்டையா இருந்துட்டேன். இனிமே முதல் செடியிலேருந்தே அவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் வேலை பார்க்கணும்."

குழுவில் பாதிப் பேர் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். எங்கள் உறவு தெரிந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சொன்னது பூஞ்சையைத்தான், அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயால் 'எங்க வீட்டு' என்று நான் கேட்டது அன்றுதான்.