பாம்புச் சட்டைக்குக் கை கிடையாது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை ஒத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். ஆனால் பத்து வருடமாகப் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவளைப் பார்த்து, "இது மலைப்பாம்பா, கம்பி வேலியா?" என்று கேட்டால் யாருக்குத்தான் வராது?

கேட்டது பதிப்பகத்து எடிட்டர் அம்மா. இதுவரை நான் வரைந்ததெல்லாம் குருவியும் மைனாவும்தான். என் பெயரும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்தான் வரும். 'ஊர்வன' என்று முழுப் புத்தகம், அட்டையிலேயே என் பெயர் என்றதும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டேன். செதில்தானே, கட்டம் கட்டமாகப் போட்டால் ஆச்சு என்ற தெனாவெட்டு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

"திங்கக்கிழமை காலையில வேற பாம்பு கொண்டு வாங்க. அதுவும் இப்படியே இருந்தா, போட்டோ வச்சே புத்தகம் போட்டுடுவோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க வரைந்தேன். கொசுவலை வந்தது. சனிக்கிழமை காலையில் அன்னாசிப்பழம் வந்தது. நிஜத் தோலைக் கண்ணால் பார்க்காமல் ஆகாது என்று என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் தையல்காரர். கடைக்குப் பக்கத்தில் செடி விற்கிறார்கள். தொட்டிகளுக்கு நடுவே பாம்பு உரித்துப்போட்ட சட்டை கிடக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"ஏங்க, எனக்கு ஒரு பாம்புச் சட்டை வேணும். நாளைக்குள்ள."

தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "பாம்புச் சட்டையா? என்ன அளவு?"

"எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது. தலை வரைக்கும் முழுசா இருக்கணும்."

"கை?"

மனுஷன் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். "பாம்புக்கு ஏதுங்க கை!" என்று போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையிலிருந்து அதை எடுத்துப் பெருமையாக உதறினார். செதில் செதிலாக அச்சடித்த பளபளத் துணியில் ஒரு சட்டை. கை இல்லை. கழுத்தோடு சேர்த்துத் தைத்த தொப்பி, அதில் கண்ணுக்குப் பதிலாக இரண்டு கறுப்புப் பொத்தான்.

"என்னங்க இது?"

"நீதானே கேட்ட? பெருசா வேணும்னு சொன்ன. இந்த வீட்டுல பெரிய ஆளு நான்தானே, என் அளவுலயே தச்சுட்டேன். இந்தத் துணிக்கு நாலு கடை ஏறி இறங்கினேன் தெரியுமா?"

"ஐயோ, பாம்பு உரிச்சுப் போடுமே, அந்தச் சட்டைங்க!"

"உரிச்சதுன்னு சொல்லியிருக்கணும். தையல்காரன்கிட்ட வந்து சட்டைன்னா, தைக்காம என்ன பண்ணுவான்?"

நியாயம்தான். நியாயத்தைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. கத்தினேன், அழுதேன், பென்சிலைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அவர் என்னைச் சட்டை செய்யவே இல்லை. செய்த சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன் எழுதிவைத்த அளவில் தைத்திருக்கிறார், மகானுபாவர். மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் பொத்தான் போட முடிந்தது. அப்படியும் பொத்தான்களுக்கு நடுவே தொப்பை எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் கவனித்தேன். தொப்பையின் மேட்டில் செதிலெல்லாம் விரிந்து பெரிதாக இருந்தன. விலாப் பக்கம் வளைந்து போகப் போகச் சிறுத்து நெருங்கின. அவர் குனிந்தபோது மடிப்புக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அடி மக்கு, இரண்டு நாளாக உடம்பை மறந்துவிட்டு வெறும் கட்டமல்லவா போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"அசையாதீங்க!"

"பசிக்குதும்மா."

"பாம்பு ஒரு தடவை சாப்பிட்டா ஒரு மாசம் தாங்கும். தரையில படுங்க. நாற்காலிக் காலைச் சுத்திக்கோங்க."

"எனக்கு எலும்பு இருக்கு!"

"பாம்புக்கும்தான் இருக்கு. சுருளுங்க!"

பாவம், சுருண்டார். ஒவ்வொரு செதிலுக்கும் சுற்றிக் கோடு இழுக்காமல், கீழ் விளிம்பில் மட்டும் நிழல் வைத்தேன். வெளிச்சம் படுகிற இடத்தை அழிரப்பரால் ஒற்றி எடுத்தேன். பார்த்ததைப் பார்த்தபடி, ஒன்றையும் விடாமல் வரைந்தேன். சாயங்காலம் காகிதத்தில் ஒரு மலைப்பாம்பு சோம்பலாகப் படுத்திருந்தது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை எடிட்டர் அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். தொட்டுப் பார்க்க விரலை நீட்டியவர், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"தொடவே கூசுதுங்க! புத்தகம் உங்களுக்குத்தான். அட்டையிலயும் இந்தப் பாம்பையே போட்டுடலாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அவர் எதிரிலேயே அழுதேன்.

"ஒரே ஒரு திருத்தம்" என்று படத்தின் நடுவில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டார். "மலைப்பாம்பு முட்டையிலேர்ந்து வர்றது. இந்தத் தொப்புளை மட்டும் எடுத்துடுங்க."