மடைப்பள்ளி ஜன்னலில் தெரிந்த ஏரி

“சொந்த ஊரையே சுத்திப் பாக்க பேர் குடுத்தவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான் மாப்ள” என்றார் நாராயணசுவாமி.

“ஊரச் சுத்திப் பாக்க இல்ல பாவா. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும்.”

“அந்த ஏரிதானே?”

“ஆங்.”

“அது எந்த ஏரியா இருந்தா உனக்கென்ன? அதுல மீன் புடிக்கப் போறியா?”

ஸ்கந்தகுமார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் அவரும் அவர் மனைவி காமுவின் அண்ணன் நாராயணசுவாமியும் முறை வைத்துச் சமைப்பவர்கள். மேற்குச் சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். மாலை நைவேத்தியத்துக்கு உலை வைக்கும் மூன்றரை மணி வாக்கில், மூன்றாவது கம்பிக்கும் நாலாவது கம்பிக்கும் நடுவில், வெகு தூரத்தில் ஒரு தண்ணீர்க் கீற்று மின்னும். முதல் சொம்புத் தண்ணீரைப் பானையில் விடுவதற்கு முன் அவர் அந்தப் பக்கம் திரும்பி, ‘கங்கா மாதா’ என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அது எந்த ஏரி என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆர்.கே.பேட்டை என்றார் ஒருத்தர். ஆந்திரா என்றார் பூக்கடைக்காரர். முறை இல்லாத நாட்களில் கல்யாணச் சமையல், அதனால் போய்ப் பார்க்க ஒழியவில்லை.

இப்போது அவசரம் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். ஜன்னலை அடைத்து, புகையை வெளியே தள்ளும் பெரிய ஃபேன் வைக்கப் போகிறார்கள்.

“ஃபேன் வந்தா புகையும் போவும், ஏரியும் போவும்” என்றார் ஸ்கந்தகுமார். “அப்புறம் நான் யார கும்பிட்டேன்னே தெரியாம செத்துப் போவணும்.”

அரக்கோணத்துத் தீபா நடத்தும் மூன்று நாள் பயணம் அந்த வாரம்தான் கிளம்பியது. முதல் நாள் மலைக்குப் பின்பக்கம் நடை. இரண்டாம் நாள் சைக்கிள். மூன்றாம் நாள் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு ஏரியில் கயாக் ஓட்டுவது. சென்னையிலிருந்து மோனிகாவும் அவளோடு வேலை செய்யும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ளத் திருத்தணி மெக்கானிக் ஷகீல்.

நடை கிளம்புவதற்கு முன், விடியற்காலையில், ஸ்கந்தகுமார் அவர்களை மடைப்பள்ளியின் வெளிச்சுவரோரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

“இப்ப ஒண்ணும் தெரியாது. ஆனா இந்தத் திசைதான். கை காட்டுறேன் பாரும்மா.”

தீபா அவர் கைக்கு நேராகப் போனைப் பிடித்துத் திசையைக் குறித்துக்கொண்டாள். வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தாள். கோடு மூன்று ஏரிகளைத் தொட்டுக்கொண்டு போனது.

“மூணு இருக்குங்க. மூணாவதுலதான் நாம கயாக் விடப்போறோம்.”

“மூணுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்றாள் மோனிகா.

“சுலபம்மா” என்றார் ஸ்கந்தகுமார். “இங்கேருந்து அது தெரிஞ்சா, அங்கேருந்து இந்தக் கோபுரம் தெரியணும்ல?”

“அட, ஆமா!” என்றாள் அவள். அந்த நிமிஷத்திலிருந்து அது அவளுடைய ஏரியாகவும் ஆகிவிட்டது.

மலையை விட்டு இறங்கும்வரை அவர் செருப்புப் போடவில்லை. “முள்ளு குத்துமே” என்று தீபா கெஞ்சியும் பார்த்தாள். “குத்தினா எடுத்துக்கலாம். இது சாமி மலை, மேல செருப்பு போட்டுப் பழக்கமில்ல” என்று சொல்லிவிட்டு, பாறை வழியில் எல்லோருக்கும் முன்னால் போனார். முள் குத்தியது மோனிகாவுக்குத்தான், ஷூவையும் தாண்டி.

மறுநாள் சைக்கிள் ஏறும்போது வேறு வழக்கு வந்தது.

“சாமி, வேட்டி செயின்ல மாட்டும். பேண்ட் போட்டுக்கினு வாங்க” என்றான் ஷகீல்.

“அம்பது கிலோ அரிசிய கேரியர்ல வெச்சிக்கினு இதே வேட்டியோட ஓட்டினவன்டா நானு.”

“அது உங்க சைக்கிளு. இதுல இருபத்தொரு கியர் கீது. எது எங்க கடிக்கும்னு எனக்கே தெரியாது.”

கடைசியில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார். கே.ஜி.கண்டிகை டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள்.

“சாமி, எங்க போறீங்க?”

“ஏரி பாக்க.”

“பின்னாடி வர்றவங்க?”

“அவங்களும்தான்.”

முதல் ஏரியில் சீமைக்கருவேலம் காடாக மண்டியிருந்தது. தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாக மட்டும் கிடந்தது. கரை மேல் ஏறிக் கிழக்கே பார்த்தார்கள். ஒரு தென்னந்தோப்பு மறைத்தது. இரண்டாவது ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தும் கோபுரம் தெரியவில்லை.

“ரெண்டு போச்சு” என்றாள் மோனிகா.

“போனா போவட்டும். ஒண்ணு மிச்சம் இருக்கே” என்றார் ஸ்கந்தகுமார். ஆனால் ராத்திரி சாப்பாட்டின்போது இரண்டு தோசைக்கு மேல் வேண்டாமென்றுவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம், மிதவை ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கயாக்கில் முன்பக்கம் உட்கார்ந்தார். பின்பக்கம் மோனிகா. துடுப்பை அவர் வாங்கிய விதத்தைப் பார்த்துத் தீபாவுக்குச் சிரிப்பு வந்தது. அண்டாவில் விட்டுக் கிளறும் கரண்டியைப் பிடிக்கிற பிடி.

“கிளறாதீங்க! தண்ணிய பின்னாடி தள்ளுங்க!”

“கிளறினாதாம்மா அடி புடிக்காது.”

“ஐயோ, நாம ஒரே எடத்துல சுத்திக்கிட்டு இருக்கோம்!” என்று கத்தினாள் மோனிகா. படகு மூன்று சுற்றுச் சுற்றியது. நாலாவது சுற்றில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அடியைத் தொடாமல், மேலாக வாங்கித் தள்ளினார். பால் பொங்கும்போது ஓரம் ஒதுக்குவதுபோல. படகு நேராக நடு ஏரிக்குப் போனது.

“இப்ப திரும்பிப் பாருங்க” என்றாள் அவள்.

அவர் உடனே திரும்பவில்லை. வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

கிழக்கே ஒரு பாறைக் குன்று நின்றது. அதற்கு அந்தப்புறம் எதுவும் தெரியவில்லை.

“இன்னும் கொஞ்சம் தள்ளிப் போலாமா?”

போனார்கள். ஏரியின் நாலு மூலைக்கும் போய்ப் பார்த்தார்கள். எங்கே போனாலும் குன்று நடுவில் நின்றது.

கரைக்கு வந்ததும் அவர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். “வேன் நாலரைக்குக் கிளம்பணுங்க” என்றாள் தீபா மெதுவாக. “நாளைக்குக் காலைல உங்களுக்கு முறைன்னு சொன்னீங்க.”

“ஆமாம்மா. ஞாயித்துக்கிழம என் முறை. திங்கக்கிழம கொத்தனார்.”

ஷகீல் ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். “சாமி, ஒண்ணு கேக்கட்டுமா? மே மாசம்கூட மின்னுமா அது?”

“மின்னுமாவா? மே மாசத்துலதான்டா ஜாஸ்தி. கண்ணு கூசும்.”

“மே மாசத்துல இந்தப் பக்கம் எந்த ஏரியிலயும் தண்ணி நிக்காது சாமி. இதோ, நீங்க படகு விட்டீங்களே, இங்க கிரிக்கெட் ஆடுவாங்க.”

ஸ்கந்தகுமார் ஷகீலையே பார்த்தார்.

“இருபத்திரண்டு மே மாசம்” என்றார். “எனக்கு ஏன்டா இது தோணல?”

“நீங்க உலைக்கு முன்னாடி நிக்கிறீங்க. உங்களுக்கு வருஷம் பூரா மே மாசம்தான்.”

“அப்ப மின்னுறது என்ன?” என்றாள் மோனிகா.

தீபா ஏற்கெனவே போனில் செயற்கைக்கோள் படத்தை விரித்துக்கொண்டிருந்தாள். கோட்டின் மேலேயே விரலை நகர்த்தினாள். இரண்டாவது ஏரியைத் தாண்டி, பாறைக் குன்றுக்கு அந்தப்புறம், திருத்தணியைப் பார்த்த பக்கத்தில், வெள்ளையாக நீளமாக ஒரு கட்டம்.

“இது என்னது?”

ஷகீல் எட்டிப் பார்த்தான். “இதா? நிர்மலாக்கா லூம் ஷெட்டு, தகரக் கூரை போட்டது. எங்க மச்சான்தான் அங்க மோட்டர் பாப்பான்.”

எல்லோரும் தீபாவைப் பார்த்தார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “சரி, வேன் அங்க வரட்டும். ஏறுங்க சைக்கிள்ல.”

வழியில் ஷகீல் பக்கத்தில் வந்தான். “வருத்தமா சாமி?”

“இன்னும் நிச்சயமாவலியேடா.”

“ஒருவேளை தகரமா இருந்தா?”

“தகரம்னு தெரிஞ்சிருந்தா கும்பிட்டிருக்க மாட்டேன். தெரியாம கும்பிட்டதுல பொங்கல் ஒண்ணும் கெட்டுப் போவல.” கொஞ்ச தூரம் போனபின், “ஆனா யாரைன்னு பாத்துடணும்” என்றார்.

ஷெட்டுக்குள் எட்டு விசைத்தறிகள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. காதில் எதுவும் விழவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க நிர்மலா, தலையில் பஞ்சு ஒட்டியபடி, வெளியே வந்தாள். மிதவை ஜாக்கெட்டும் தார்ப்பாய்ச்சிய வேட்டியுமாக நின்ற ஆளைப் பார்த்துத் திகைத்தாள்.

“யாருங்க வேணும்?”

“உங்க கூரை வேணும்மா.”

“விக்கிறதா எவன் சொன்னான்?”

“விக்க வேணாம். மேல ஏறிப் பாத்துட்டு எறங்கிடுறேன்.”

ஷகீல் குறுக்கே வந்தான். “அக்கா, இவரு திருத்தணி கோயில் மடைப்பள்ளி சாமி. இருபத்திரண்டு வருஷமா உன் கூரையத்தான் ஏரின்னு கும்பிட்டுகினு இருக்காருன்னு சந்தேகம்.”

“அய்ய, வெளயாடாத ஷகீலு.”

“நெசமாத்தான்.”

நிர்மலா கூரையை நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாகப் பார்ப்பதுபோல. “வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி சில்வர் பெயிண்ட் அடிப்போம்ங்க. இல்லாட்டி உள்ள சூடு ஏறி நூல் அறுந்துகினே இருக்கும். எங்க நைனா காலத்துலேருந்து அடிக்கிறோம்.” பிறகு சட்டென்று, “ஏணி தரேன். ஆனா தகரத்து மேல கால் வெக்காதீங்க, உள்ள விழுந்துடுவீங்க. கடைசிப் படியிலயே நில்லுங்க” என்றாள்.

ஸ்கந்தகுமார் ஏறினார். ஷகீலும் மோனிகாவும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே சூடு முகத்தில் அடித்தது. உலையின் மூடியைத் திறந்ததுபோல. சூரியன் அவருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிழக்கே பார்த்தார்.

“தெரியுதா சாமி?”

அவர் ஒரு கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்தார்.

“சாமி! தெரியுதா?”

“தெரியுது” என்றார். “கோபுரம் மொளகு அளவுக்குத் தெரியுது. இதுதான். இதேதான்.”

கீழே மோனிகா கை தட்டினாள். நிர்மலா முந்தானையால் தலைப் பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு, கூரையின் விளிம்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

“எறங்குங்க, வேன் வந்தாச்சு” என்றாள் தீபா.

“இரும்மா. கோபுரத்துக்கு எடது பக்கம், கொஞ்சம் கீழ, என்னமோ மின்னுதே.”

“அதுவா?” என்றாள் நிர்மலா கீழேயிருந்து. “தெனம் சாயங்காலம் உள்ள மேல் ஜன்னல் வழியா மின்னும்ங்க. மலைச் சுனைன்னு நெனச்சிக்கினு இருக்கேன். அதப் பாத்துத்தான் லூம நிறுத்துவேன்.”

“அந்த எடத்துல ஏதும்மா சுனை?”

“அப்ப என்னங்க அது?”

ஸ்கந்தகுமார் ஏணியின் கடைசிப் படியில் குதிகாலை உயர்த்தி நின்றார். பிறந்ததிலிருந்து ஏறி இறங்கும் மலை. அந்தப் பக்கத்தில் அப்படி மின்னுவதற்கு என்ன இருக்கிறது என்று எத்தனை யோசித்தும் அவருக்குத் தெரியவில்லை.

“நாளைக்குப் போய்ப் பாத்துட்டு சொல்றேன்” என்றார், இறங்காமலே. “உங்க நம்பரச் சொல்லும்மா.”