கோடு விழுந்த கதவு

தார்ப்பாயை உருவி எறிந்த வேகத்தில் செர்வாவின் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணி அவிழ்ந்து விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அப்பாவின் கருநீல வண்டியில், முன்கதவிலிருந்து பின்கதவு வரைக்கும் நீளமாகப் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது.

"ப்ரெம்பே! இங்க வாடா!"

அன்று சாயங்காலம் அப்பாவைப் பிணவறையிலிருந்து எடுத்து வருகிறார்கள். மறுநாள் அடக்கம். கானாவின் குமாசியில் ஒரு மனிதன் எப்படி இருந்தான் என்பதை மறந்துவிடுவார்கள், எப்படிப் போனான் என்பதை மட்டும் ஆயுசுக்கும் பேசுவார்கள். பந்தல் போட்டாயிற்று, ஒலிபெருக்கி வந்தாயிற்று, கேட்டுத் தூணில் அப்பா சிரிக்கிற பெரிய போஸ்டரும் ஒட்டியாயிற்று. சவ வண்டிக்குப் பின்னால் முதலில் போக வேண்டியது இந்தக் கார்தான்.

ப்ரெம்பே வறுத்த வாழைக்காயை மென்றுகொண்டே வந்தான். அப்பாவின் அக்கா மகன். வாரிசு அவன்தான், பெற்ற மகள் இல்லை. அசாந்திக் குடும்பங்களில் அப்படித்தான், அதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் செர்வாவுக்கு எரிந்தது. அப்பா இறந்த அன்றே குடும்பத் தலைவர் நானா துவோடு கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். கழுவுவதற்கென்று இன்று காலைதான் கொடுத்தார். அடக்கம் முடிந்ததும் அது ப்ரெம்பே கைக்குப் போய்விடும்.

"ஐயோ, யாரு பண்ணது?" என்றான்.

"கேக்கறான் பாரு! நீதான்."

"சத்தியமா இல்ல. சாவி நானாகிட்ட இல்ல இருந்துச்சு?"

"நீ கேட்டா அவரு தர மாட்டாராக்கும்? நாளைக்கு உனக்குத்தானே வண்டி!"

"மாமாவே எங்கயாச்சும் உரசியிருப்பாரு."

"ஆமா, செத்தவரு எந்திரிச்சு வந்து பதில் சொல்லவா போறாரு? அவரு தலையில கட்டிடு!"

நிழலுக்கு நகர்த்தலாமென்று கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை முன்னால் நெருக்கி இழுக்கப்பட்டிருந்தது. ப்ரெம்பே பனைமரம், அப்பாவும் உயரம். செர்வாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"எந்தக் குட்டச்சிக்குடா வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தே? என் அப்பா பிணவறையில கிடக்கிறப்போ!"

பந்தலடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "அவனையே கட்டிக்கோடி, வண்டி வீட்டோட இருக்கும்!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். செர்வா வாளியை உதைத்தாள். சோப்புத் தண்ணீர் அவர்கள் காலடி வரை ஓடியது.

நானா துவோடு கைத்தடியோடு வந்தார். கதவைப் பார்த்தார்.

"சாவு வீட்டுல என்ன கூச்சல்? ப்ரெம்பே, மேகசின் கார்ப்பட்டறைப் பக்கம் உன் சிநேகிதன் ஒருத்தன் பட்டறை வச்சிருக்கானே, அவனைக் கூப்பிடு. இருட்டறதுக்குள்ள பெயின்ட் அடிச்சிடுவான்."

"அவன் அடிச்சா கதவு ஒரு நீலம், வண்டி ஒரு நீலம்" என்றாள் செர்வா. "அப்பா இந்த வண்டியை பெயின்டர் கரீமைத் தவிர யாரையும் தொட விட்டதில்ல. கரீம்தான் வரணும்."

"கரீம் பட்டி வச்சு, தேய்ச்சு, காய வச்சு, அடுத்த வாரம் தருவான். அதுவரைக்கும் பொணத்தைக் காத்திருக்கச் சொல்றியா?" நானா குரலைத் தாழ்த்தினார். "அதோட, யாரு அடிக்கணும்னு வண்டிக்குச் சொந்தக்காரன் சொல்லணும். நீ சொல்லக்கூடாது."

செர்வா விறுவிறுவென்று உள்ளே போனாள். அம்மா போக்குவா கறுப்புத் துணியில் பாயில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வாய் திறக்கவில்லை.

"உன் புருஷனோட வண்டியை ப்ரெம்பே கிழிச்சு வச்சிருக்கான். நீ இப்படியே ஊமையா இரும்மா! நல்லா இரு!"

பிணம் வரும்வரை விதவை அறையை விட்டு வரக்கூடாது. போக்குவா எழுந்து வெளியே வந்தாள். மகளின் தோளுக்குக்கூட எட்டாத உருவம். வெங்காயம் உரித்த கைகள் நின்றன. அவள் நேராக வண்டியிடம் போய் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது நான் பண்ணது."

"என்ன நீ பண்ணது?" என்றார் நானா.

"நான்தான் ஓட்டினேன்."

"அத்தை, உங்களுக்கு ஓட்டத் தெரியாதே" என்றான் ப்ரெம்பே.

"தெரியாதுதான். அந்த ஞாயித்துக்கிழமை, அப்படியொரு மழை. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. தெருவுல ஈ காக்கா இல்ல, டாக்சிக்கு எங்க போவேன்? உனக்குப் போன் பண்ணேன். நானா, உங்களுக்கும் பண்ணேன். எல்லாரும் சர்ச்சுல."

செர்வாவின் பக்கம் திரும்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, தொலைவில் அக்ராவில், சர்ச் பாடகர் வரிசையில் செர்வா நின்றிருந்தபோது, அணைத்த போன் அவளுடைய கைப்பையில் இருந்தது.

"இத்தனை வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து பார்த்துக்கிட்டுதானே வந்தேன். ஒரு நாள் ஸ்டியரிங்கைத் தொட விட்டாரா? உன் கைக்குத் தக்காளிக் கூடைதான் சரின்னு சிரிப்பாரு. அன்னிக்குப் பின் சீட்டுல சரிஞ்சுகிட்டு, கிளட்ச்சை மிதி, கிளட்ச்சை மிதின்னு அவரேதான் சொன்னாரு. கேட்டுத் தூண்ல உரசிடுச்சு. 'குருடி, பெயின்ட் போச்சே'ன்னு திட்டினாரு. ஆஸ்பத்திரி வாசல்ல திரும்பிப் பார்த்தேன். பேச்சுமில்ல, மூச்சுமில்ல. தனியாவே திருப்பி ஓட்டிக்கிட்டு வந்து, நிறுத்தி, மூடி வச்சேன். நம்பலேன்னா அவரு போஸ்டரைக் கிழிச்சிட்டுத் தூணைப் பாருங்க."

யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு ஒரு ஆளு கேட்டீங்களா? சாவி எங்கன்னுதானே கேட்டீங்க!"

நானா தொண்டையைச் செருமினார். "சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. பெயின்ட்டை மட்டும்..."

"யாரும் அடிக்கக் கூடாது. உங்க ஆளும் வேண்டாம், கரீமும் வேண்டாம். வண்டி இவனுக்குன்னா கோட்டோட எடுத்துக்கட்டும். அப்புறம் என்னவோ பண்ணிக்கட்டும். நாளைக்கு என் புருஷன் பின்னால இந்தக் கோடு வரணும். ஊரே பார்க்கட்டும்."

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை செர்வா வண்டியைத் துடைத்தாள். கோட்டின் மேல் மட்டும் துணியை மெதுவாக ஓட்டினாள். இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் சிவப்புத் துணி கட்டினாள். அம்மா பின் சீட்டில் ஏறி, நடுவில் உட்கார்ந்தாள்.

சவ வண்டி நகர்ந்தது. ப்ரெம்பே உடம்பை மடக்கி உள்ளே நுழைந்தான். முழங்கால் இடித்தது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ள, அவன் கை அதன் அடியில் இருக்கும் பிடியைத் தேடிப் போனது. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான்.

கை மேலே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு கிளட்ச்சை மிதித்தான்.