கோலுக்கு அடியில் இருந்த கரி

ஹெதர்லா கால்பந்துக் கழகத்துக்கு மைதானம் கிடைத்ததே ஒரு கதவடைப்பால்தான். 1926 கோடையில் சுரங்க முதலாளிகள் கதவை இழுத்துச் சாத்தியபோது, இங்கிலாந்தின் டரம் வட்டாரத்து மற்ற ஊர்களைப் போலவே எங்கள் ஊர் ஆண்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்து சலித்தவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், ஊருக்கு வடக்கே இருந்த மேட்டை வெட்டிச் சமன் செய்தார்கள். முன்னால் நின்று வேலை வாங்கியவர் ஜாப்சன். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாராம். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தை மறுபடியும் வெட்டச் சொல்வாராம். அதற்குப் பிறகு சுரங்கத்தில் அவருடைய இடுப்பு எலும்பு நொறுங்கி, வேலையிலிருந்து நின்றும் விட்டார். புல்லைப் பார்த்துக்கொள்வது மட்டும் அவரிடமே இருந்தது.

நான் கோல்கீப்பராக இருந்த காலத்தில் ஜாப்சன் கிழவராகிவிட்டார். அவர் பக்கத்து வீடுதான் என் வீடு. அணித் தலைவன் செப்டிமஸ் ரெய்ன். செப் என்று கூப்பிடுவோம். பூமிக்கு அடியில் நானும் அவனும் ஜோடியாகக் கரி வெட்டினோம்.

நிலக்கரியை வெட்டும்போது மேலே உள்ளது சரியாமல் இருக்க, இடையிடையே வீட்டளவு கரித் தூண்களை விட்டுக்கொண்டே போவார்கள். கரி தீர்ந்த பிறகு அந்தத் தூண்களையும் எடுப்பார்கள். எடுத்தால் கூரை இறங்கும், கூரையோடு தரையும் இறங்கும். மைதானத்துக்கு அடியில் இருந்த தூண்களை மட்டும் அதுவரை யாரும் தொடவில்லை. 1953 இளவேனிலில் வடக்குப் பகுதியின் கரி முடிந்துபோனது. தூண்களை எடுக்கச் சம்மதித்தால் சில வருஷ வேலை இருக்கிறது, இல்லையென்றால் அந்தப் பகுதியை மூடி ஆட்களைக் குறைப்போம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

மன்றத்தில் ஊர் கூடியது.

"வெறும் புல்லுதானேய்யா," என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான்.

ஜாப்சன் எழுந்தார். "வெறும் புல்லா? வயித்துல ஒண்ணும் இல்லாம உங்கப்பன் வெட்டுன மண்ணுடா அது!"

செப்பும் எழுந்தான். "எங்கப்பாவும்தான் வெட்டுனாரு, பெரியவரே. வேலை இல்லாததாலதானே வெட்டுனாரு? வேலை இருந்திருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாரு. இப்ப வேலை இருக்குது. எடுத்துடலாங்கறேன்."

"கேப்டன் பேசுற பேச்சாடா இது?"

"சனிக்கிழமை மத்தியானம்தான் நான் கேப்டன். மிச்ச நேரமெல்லாம் கரி வெட்டுறவன்."

கைகளைத் தூக்கச் சொன்னார்கள். எடுப்பது என்று முடிவானது. ஜாப்சன் கை தூக்காமல் வெளியே போனார். அன்றோடு செப்பிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

செப் மறுநாளே போய், அந்தத் தூண்களை எங்கள் ஜோடிக்குத் தரும்படி கேட்டு வாங்கினான். ஏன்டா என்றதற்கு, "எடுக்கலாம்னு சொன்னது என் வாய். அப்ப கையும் என்னோடதாத்தான் இருக்கணும்," என்றான்.

அளவெடுப்பவர் உத்தரக் கட்டைகளில் சுண்ணாம்புக் குறி போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் செப் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் குறியைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"பங்காளி, இந்தத் தூணுக்கு நேர் மேலதான் உன் கோலு."

"அப்ப நீயே வெட்டு. கோலைக் காப்பாத்துறதுதான் என் வேலை."

"நீ காப்பாத்துன லட்சணத்தைத்தான் போன வாரம் ஊரே பாத்துச்சே."

இரண்டு பேரும் சேர்ந்தே வெட்டினோம். கரி போனதும் முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்து நின்றோம். கூரை முதலில் முனகியது. பிறகு மொத்தமாக விழுந்தது. தூசிக்காற்று வந்து முகத்தில் அறைந்தது. எத்தனையோ முறை கேட்ட சத்தம்தான். ஆனாலும் அன்று செப் கொண்டுவந்த ரொட்டியைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனான்.

மேலே சில மாதம் ஒன்றும் தெரியவில்லை. குளிர்காலம் வந்ததும் வடக்குக் கோலின் ஒரு கம்பம் இறங்கியது. குறுக்குக் கம்பத்தின் இடது முனையை நான் எம்பாமலே தொட முடிந்தது. மூலையில் தண்ணீர் தேங்கியது. "துடுப்பு எடுத்துட்டு வரணும்னு சொல்லவே இல்லையேப்பா," என்று வந்த அணிகளெல்லாம் கேலி பேசின. ஜாப்சன் வாளியும் கையுமாக அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருப்பார். உதவிக்குப் போனால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் போகும்வரை காத்திருப்பார்.

எங்கள் ஊரில் கரி வெட்டுகிறவர்களுக்கும் வெட்டி ஓய்ந்தவர்களுக்கும் அடுப்புக் கரி இனாம். வண்டி வந்து வாசலில் கொட்டிவிட்டுப் போகும், நாம்தான் அள்ளி உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஜாப்சன் அள்ளவில்லை. குவியல் தெருவிலேயே கிடந்து, அதன்மேல் பனி விழுந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். "அது என் மைதானம். அதைக் கொளுத்திக் குளிர் காய மாட்டேன்," என்றார்.

"இது தெக்குப் பக்கத்துக் கரியாக்கூட இருக்கலாமே?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

பழைய வேலிக் கட்டைகளை எரித்தார். அது தீர்ந்ததும் அலமாரியை உடைத்தார். ஜனவரியில் அவர் மனைவி பெல்லாவுக்கு இருமல் பிடித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒவ்வொரு இருமலும் கேட்டது. என் மனைவி போய் செப்பின் மனைவி நோராவிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் நோரா மண்வாரியோடு வந்தாள். செப்பை வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பனியைத் தட்டிவிட்டுக் கரியை வாளியில் நிரப்பினாள். நானும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டேன். ஜாப்சன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"கொஞ்சம் தள்ளுங்க, பெரியவரே."

"இது என் வீடும்மா."

"வீடு உங்களோடதுதான். இருமல் யாரோடது? அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

உள்ளேயிருந்து பெல்லாவின் குரல் வந்தது.

"நோரா! அடுப்பு பத்துனதும் அப்படியே கேத்தலையும் ஏத்திடுடி. நல்ல டீ குடிச்சே பல நாளாச்சு."

ஜாப்சன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, எங்களைத் தாண்டி மைதானத்தின் பக்கம் நடந்தார். நோரா அடுப்பைப் பற்றவைத்தாள். பெல்லா எழுந்து வந்து, கம்பளியோடு நெருப்புக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டாள். "இருவத்தேழு வருஷமா அந்தப் புல்லைப் பத்தியே கேட்டாச்சு. அது சூடா இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது," என்றாள். நோராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மத்தியானம் திரும்பி வந்த ஜாப்சன் நெருப்பைப் பார்த்தார். அணைக்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முடியும்வரை அதன் பக்கத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுக்களை மூலையில், கோட்டைப் போட்டபடியே இருப்பார்.

வசந்தத்தில் லீக்கின் ஆட்கள் வந்து பார்த்து, இங்கே இனி ஆட்டம் கூடாது என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மேய்ச்சல் நிலம் கிடைத்தது. வேலை முடிந்த பிறகு மாலை மாலையாகக் கல் பொறுக்கி, ஆகஸ்டு கடைசியில் அங்கே முதல் ஆட்டம் வைத்தோம். அத்தனை சமமாக இல்லை. யாரும் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும் இல்லை.

முதல் பந்தை உதைக்கச் சொல்லி செப் பெல்லாவைக் கூப்பிட்டான். அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஓங்கி உதைத்தாள். பந்து போனதைவிட செருப்பு தூரமாகப் போனது. ஊரே கைதட்டியது. இடைவேளையில் கூட்டம் டீக்குப் போனபோது சத்தம் கொஞ்சம் அடங்கியது. அப்போது வடக்கேயிருந்து ஒரு கடகடப்பு கேட்டது. கேட்டவுடனே எங்களுக்குப் புரிந்துவிட்டது. யாரும் ஆடாத மைதானத்தில் ஜாப்சன் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"போகட்டும் விடுங்க. அதுவும் இல்லைன்னா மனுசன் என்ன செய்வாரு?" என்றாள் பெல்லா.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். இரண்டாவது கோல் என் கையில் பட்டுத்தான் உள்ளே போனது. ஆட்டம் முடிந்ததும் செப் உடை மாற்றாமல், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், வடக்கே நடந்தான். எனக்கு மனசு கேட்காமல் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன்.

ஜாப்சன் சரிவில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ள முடியாமல் நின்றிருந்தார். அந்தப் பக்கம் பாதி மைதானம் தண்ணீர். செப் போய்க் கைப்பிடியில் கை வைத்தான்.

"கைய எடு," என்றார் ஜாப்சன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

செப் எடுத்துவிட்டான். போகவும் இல்லை, நின்றான்.

ஜாப்சன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ தள்ளுனா கோணலாத்தான் போகும். கூடையில புல்லு ரொம்பிடுச்சு. கொண்டு போய்க் கொட்டிட்டு வா."

செப் இயந்திரத்தில் மாட்டியிருந்த கூடையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேலியோரம் போனான். அவர்கள் வெட்டி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.